சிலிண்டருக்குள் எத்தனை மணி?

போர்க்காலத்தில் படை வைத்தியசாலைகளில் காயக்காரருக்கு ஒட்சிசன் எப்படிக் கிடைத்தது என்று சாவகச்சேரியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். போன கிழமை இரண்டு வரியில் பதில் சொல்லித் தப்பப் பார்த்தேன். தப்பவில்லை. அந்த இரண்டு வரியின் வாலைப் பிடித்துக்கொண்டு பை நிறையக் கடிதங்கள். ஆகவே இந்தக் கிழமை சினிமா இல்லை, தேர்தல் இல்லை. காத்து மட்டும்தான்.

கே: சுற்றிவளைக்காமல் கேட்கிறேன். போர்முனை வைத்தியசாலையில் ஒட்சிசன் முடிந்துபோனால் வைத்தியர் என்ன செய்வார்?
- அதே வாசகர், சாவகச்சேரி

ப: முதலில் உங்கள் வசனத்தைத் திருத்துவார். முடிவது சிலிண்டர், ஒட்சிசன் முடிவதில்லை. கூடாரத்துக்குள் சும்மா நிற்கிற காற்றிலேயே நூற்றுக்கு 21 பங்கு அது இருக்கிறது. நெஞ்சில் காயம்பட்டு, தொண்டைக்குள் ரியூப் போட்டு, வென்ரிலேற்றரில் கிடக்கிறவருக்கு அந்த 21 போதாமல் போகலாம். 30 வேண்டும், 40 வேண்டும், சில நேரம் அதற்கும் மேலே. 40 என்றே வையுங்கோ. 21 சும்மா கிடைக்கிறது. மிச்சம் 19ஐ எங்கேயாவது தேட வேண்டும். வசதி குறைந்த படை வைத்தியசாலையின் தலைவலி முழுவதும் அந்தப் 19க்குள்ளேதான்.

கே: வென்ரிலேற்றர் என்பது ஒட்சிசன் தயாரிக்கிற மெசின்தானே?
- உயர்தர மாணவி, சுண்டிக்குளி

ப: இல்லைத் தங்கச்சி, அது துருத்தி. கொல்லன் பட்டறையில் துருத்தியா கரியைத் தயாரிக்கிறது? காற்றைத் தள்ளும், அவ்வளவுதான். வெறுங்காற்றைக் கொடுத்தால் வெறுங்காற்றைத் தள்ளும். ஒட்சிசனைக் கலந்து கொடுத்தால் கலவையைத் தள்ளும்.

துருத்தி இல்லாவிட்டால் கை. 1952இல் கொப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவி, மூச்சுத் தசை செத்துப்போன நோயாளிகள் குவிந்தார்கள். மெசின்கள் ஒரு மூலைக்கும் காணாது. பியோர்ன் இப்சன் என்ற மயக்கமருந்து வைத்தியர் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து, அதில் ரப்பர்ப் பையை மாட்டி, கையால் அமுக்கச் சொன்னார். சுமார் 1,500 மருத்துவ, பல்மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு இரவு பகலாக அமுக்கினார்கள். இன்றைய அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வித்து அதுதான். நீங்கள் மருத்துவபீடம் போகிற எண்ணம் என்றால் விரல்களுக்கு இப்போதே பயிற்சி கொடுங்கோ. போனை உருட்டுகிற பயிற்சி கணக்கில் சேராது.

கே: ஆளுயரச் சிலிண்டர் ஒன்று வென்ரிலேற்றரில் இருக்கிற ஒருவருக்கு எத்தனை மணித்தியாலம் வரும்? மழுப்பாமல் கணக்காகச் சொல்லவும்.
- கணித ஆசிரியை, வட்டுக்கோட்டை

ப: டீச்சரிடம் கணக்குச் செய்துகாட்டுவது எனக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்தே பயம். இருந்தாலும் கரும்பலகைக்கு வருகிறேன். அந்தச் சிலிண்டரின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 47 லீற்றர். 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால், வெளியே வரும்போது 47ஐ 150ஆல் பெருக்கின அளவு, 7,000 லீற்றர் மட்டில். வளர்ந்த ஆளுக்கு மெசின் நிமிடத்துக்கு 8 லீற்றர் ஊதுகிறது என்று வைப்போம். எட்டும் தனி ஒட்சிசனாகப் போனால் 875 நிமிடம், பதினாலரை மணித்தியாலம். விடிய 5 மணிக்குத் திறந்த சிலிண்டர் இரவு ஏழரைக்கு வெறும் இரும்பு.

இப்போது வைத்தியர் அந்த ஆளைப் பார்த்து, இவருக்கு 40 சதவீதம் போதும் என்கிறார். அறைக்காற்றைத் தானே உறிஞ்சி ஊதுகிற வகை மெசின் என்றால், எட்டு லீற்றரில் பெரும்பங்கு அறைக்காற்றாகவே இருக்கலாம். கூட்ட வேண்டியது 40இல் 21ஐக் கழித்த 19. அறைக்காற்றோடு பார்த்தால் தனி ஒட்சிசனில் 79 பங்கு அதிகம். எட்டைப் பத்தொன்பதால் பெருக்கி 79ஆல் பிரியுங்கோ: இரண்டு லீற்றருக்கும் கொஞ்சம் குறைவு. அதே சிலிண்டர் இப்போது இரண்டரை நாள்!

புதிதாக ஒரு சிலிண்டரும் இறங்கவில்லை. லொறி வரவில்லை, கப்பல் வரவில்லை. ஒருவர் கட்டிலடிக்கு வந்து நோயாளியைப் பார்த்து ஒரு குமிழைத் திருப்பினார், அவ்வளவுதான். குழாய்ப் பொருத்துகளில் ஒழுகுவது, மெசினே வீணாக்குவது என்று நடைமுறையில் கொஞ்சம் கழியும். ஓட்டைத் தொட்டிக் கணக்கு எங்கே உதவும் என்று கேட்கிற பிள்ளைக்கு இனி உங்களிடம் பதில் இருக்கிறது.

கே: கூடக் கொடுத்தால் கெதியாகச் சுகம் வராதோ? ஏன் 40இல் நிற்பாட்ட வேணும்?
- இல்லத்தரசி, மானிப்பாய்

ப: உறைப்பு நல்லதென்று தூள் போத்தலையே கறிக்குள் கவிழ்ப்பீங்களோ அக்கா? இரத்தத்தின் சிவப்பணுக்கள் சுமக்கிற சுமைக்கு எல்லை உண்டு. விரலில் மாட்டுகிற கருவி 94, 95 என்று காட்டினால் வண்டி கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. அதை 100 ஆக்க ஒட்சிசனைத் திறந்துவிடுவது, நிரம்பின மினிபஸ்ஸில் பின்னால் தொங்க ஆள் ஏற்றுகிற வேலை. செறிந்த ஒட்சிசன் நாட்கணக்கில் போனால் நுரையீரலே புண்படும் என்பது வேறு.

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் காயப்பட்டு வென்ரிலேற்றரோடு விமானம் ஏறினவர்களைக் கவனித்த அமெரிக்க வான்படை வைத்தியர்கள், அவர்களில் பலருக்கு நிமிடத்துக்கு மூன்று லீற்றர் மட்டில் போதுமாக இருந்ததைக் கண்டார்கள். காசு இல்லாத நாட்டுப் படை கண்டிருந்தால் கஞ்சத்தனம் என்றிருப்பார்கள்.

அந்த விரல்கருவிக்கு வழிவகுத்தவர் தக்குவோ அயோயாகி என்ற ஜப்பானியப் பொறியியலாளர், 1970களில். உலகமே அந்தக் கருவியைத் தேடி மருந்துக்கடை வாசலில் நின்ற 2020 ஏப்ரலில் அவர் காலமானார். வறிய வைத்தியசாலைக்கு மிகப் பெரிய ஒட்சிசன் ஆலை எது என்று என்னைக் கேட்டால் அந்தச் சின்னக் கருவியைத்தான் காட்டுவேன். எங்கே குறைக்கலாம் என்று அது சொல்லுகிறதே!

கே: ஒட்சிசன் சிலிண்டரை எப்படி அடையாளம் காண்பது?
- மாணவன், இளவாலை

ப: கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள். உங்கள் ஊர்ப் பாதிரியார் மாதிரி. ஆனால் நிறத்தை நம்பி மூக்கில் மாட்டாதேயுங்கோ. முழு வெள்ளையும் இப்போது வருகிறது. எழுதியிருப்பதை வாசியுங்கோ.

கே: கரண்டும் இல்லை, பாதையும் இல்லை. 1990களில் யாழ்ப்பாணத்தில் வென்ரிலேற்றர் என்றால் எப்படியிருந்திருக்கும்?
- 1998இல் பிறந்தவன், திருநெல்வேலி

ப: தம்பி, நீங்கள் பிறக்கமுன்னரே இந்தக் குடாநாடு சிக்கனத்தில் கலாநிதிப் பட்டம் வாங்கிவிட்டது. 1990 யூனில் போர் மறுபடி தொடங்கினபின் கரண்ட் நின்றது. எரிபொருளும் பற்றரியும் தடைப்பட்டியலில். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டு ஒரு சிறு திரி: இந்தப் பத்தியை எழுதுகிற கை அந்த வெளிச்சத்தில்தான் எழுத்துப் பழகியது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோச் செய்தி கேட்டோம். பெற்றோலில் உதைத்து மண்ணெண்ணெயில் ஓடின மோட்டார் சைக்கிளின் புகை மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

அந்த ஊருக்குள் வென்ரிலேற்றரைக் கொண்டுபோய் வையுங்கோ. அதில் இரண்டு சாதி. ஒன்று கரண்டில் ஓடும். ஒட்சிசனைக் கொஞ்சமாகச் சாப்பிடும். மற்றது சிலிண்டரின் அழுத்தத்திலேயே ஓடும். அமெரிக்கர் பொறஸ்ட் பேர்ட் 1950களில் செய்த பச்சைப் பெட்டி இந்தச் சாதி. கரண்டே கேட்காது, சிலிண்டரை மட்டும் கன்றுக்குட்டி மடியை முட்டுகிற மாதிரி உறிஞ்சும். கரண்ட் இல்லாத இடத்துக்கு இரண்டாவதுதான் தோது என்று தோன்றும். அதற்குச் சிலிண்டர் வேண்டும். சிலிண்டர் வரக் கப்பல் வேண்டும். 7,000 லீற்றர் ஒட்சிசனின் நிறை ஒன்பது, பத்துக் கிலோ. அதை அடைத்து வைத்திருக்கிற உருக்கு அறுபது கிலோ மட்டில். கண்டி வீதி மூடிக் கிடந்த காலத்தில் அரிசி, மா, மருந்து எல்லாம் கப்பலில் ஓர் அடி இடத்துக்கு அடிபட்டன. அந்த நெரிசலுக்குள் ஆறு பங்கு இரும்பும் ஒரு பங்கு மூச்சுமாக ஒரு சரக்கு. வந்தது மட்டுமில்லாமல், வெறும் இரும்பாக அதே கப்பலில் திரும்பிப்போய் நிரப்பி வரவேண்டிய சரக்கு. கொழும்புத்துறையிலிருந்து கொழும்பு வரைக்கும் எந்த முதலாளியும் இப்படியொரு யாவாரத்துக்குச் சம்மதிக்க மாட்டார்.

சிலிண்டருக்கு ஆமியும் சனமும் ஒன்றுதான். பலாலியிலிருந்த படை வைத்தியசாலையின் வழிமுறை மட்டும் வேறு. காயக்காரரை நிலைப்படுத்தி விமானத்தில் தெற்கே அனுப்பிவிடுவது. அப்படியென்றால் கையிருப்பு நாட்கணக்கில் வேண்டாம். விமானம் வரும்வரை நின்றுபிடித்தால் போதும். விமானம் வரும் என்பதுதான் அந்தக் கணக்கைத் தாங்குகிற ஆணி. 1995 ஏப்ரல் 28ஆம், 29ஆம் திகதிகளில் பலாலிக்கு அருகே அடுத்தடுத்து இரண்டு அவ்ரோ விமானங்கள் ஏவுகணையால் வீழ்ந்தன. ஆணி ஆடினால் என்னவாகும்? ஆறு மணித்தியாலத்துக்கென்று வைத்திருந்த சிலிண்டரை அறுபது மணித்தியாலத்துக்கு இழுக்க வேண்டும். அந்த நேரம் மேலே டீச்சருக்குச் சொன்ன கணக்கைத் தெரிந்த ஒரு தாதி, இரண்டு ஜெனரேற்றருக்குச் சமம்.

கே: ஆமி, இயக்கம், சனம் - மூன்று பேர், ஒரு சிலிண்டர். யாருக்கு முதலில்?
- பெயர் வேண்டாம், நல்லூர்

ப: பெயர் வேண்டாம் என்றது புத்தி. காயப்பட்டவர்களுக்குள் முன்பின் பார்ப்பதற்கு 1949 ஜெனீவா உடன்படிக்கை ஒரே ஒரு காரணத்தைத்தான் ஏற்கிறது: மருத்துவ அவசரம். சீருடை என்ன நிறம், சீருடை உண்டா இல்லையா என்பதெல்லாம் அதில் வராது.

ஏட்டில் அப்படி. 1987 ஒக்ரோபர் 21, தீபாவளி நாள். யாழ். வைத்தியசாலைக்குள் புகுந்த இந்திய அமைதிப்படை சுட்டதில் நோயாளிகளோடு வைத்தியர்களும் தாதியரும் சிற்றூழியர்களும் செத்தார்கள். 1990 நவம்பரில் அதே வைத்தியசாலை சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் பாதுகாப்பில், ஆயுதம் நுழையக்கூடாத வலயமாகத் திறந்தது. மூன்று வருடச் சொச்சத்தில் ஒரே கட்டடம் இரண்டையும் கண்டது. ஒட்சிசன் குழாயைப் பொருத்த முன்னர், வாசலில் துவக்கை வாங்கி வைக்கிற ஒருவர் வேண்டும். அவர் இல்லாத இடத்தில் உங்கள் கேள்விக்கு வைத்தியர் பதில் சொல்ல முடியாது, துவக்குத்தான் சொல்லும்.

கே: வேப்பமரம் நிறைய ஒட்சிசன் தருகிறதாமே. நோயாளியின் கட்டிலை மரத்தடிக்குக் கொண்டுபோனால் என்ன?
- இயற்கை ஆர்வலர், அச்சுவேலி

ப: நிழல் கிடைக்கும். காகமும் இருக்கும்.

கே: ஒட்சிசனே இல்லாமல் சத்திரசிகிச்சை செய்ததுண்டா?
- ஓய்வுபெற்ற மருந்தாளர், சங்கானை

ப: தாராளமாக. 1982 ஃபோக்லாந்துப் போரில் பிரித்தானியர் ஏஜாக்ஸ் பே என்ற இடத்தில் கைவிட்டுக் கிடந்த ஒரு பழைய இறைச்சிக் குளிர்சாலையை வைத்தியசாலை ஆக்கினார்கள். தலைவர் ரிக் ஜொலி என்ற கடற்படை வைத்தியர். கட்டடத்துக்குள் வெடிக்காத குண்டுகள் இரண்டு செருகிக் கிடக்க, பக்கத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. அந்தப் போருக்குக் கொண்டுபோன மயக்கமருந்துக் கருவி, அவர்களின் முப்படைக்குமென்று செய்த எளிய சாமான். நோயாளியின் மூச்சோ கையால் அமுக்குகிற பையோ அறைக்காற்றை இழுக்கும். அந்தக் காற்று மயக்கமருந்தைத் தடவிக்கொண்டு உள்ளே போகும். ஒட்சிசன் இருந்தால் பக்கக் குழாயால் கொஞ்சம் சேர்க்கலாம். இல்லாவிட்டாலும் கருவி நிற்காது. பெரிய வைத்தியசாலைகளின் மயக்கமருந்து மெசினோ, குழாயில் வாயு வராவிட்டால் வெறும் பெட்டி.

இங்கிலாந்தில் ரொஜர் எல்ட்ரிங்கம் என்ற மயக்கமருந்து நிபுணர் பிறகு வறிய நாடுகளுக்கென்று இன்னொன்று செய்தார். அதில் வென்ரிலேற்றரைத் தள்ளி ஓட்டின ஒட்சிசன் வீணாக வெளியே போகாமல் நோயாளியின் மூச்சோடு சேர்ந்துவிடும். சோறு வடித்த கஞ்சியைக் கொட்டாமல் குடிக்கிற எங்கள் அம்மம்மாமார் பார்த்திருந்தால், இதைக் கண்டுபிடிக்க இங்கிலாந்தில் இத்தனை காலமோ என்று கேட்டிருப்பார்கள்.

கே: இந்தியக் கடற்படை ஒரு சிலிண்டரில் ஆறு பேருக்கு ஒட்சிசன் கொடுத்ததாமே? உண்மையா, வாட்ஸ்அப்பா?
- வாகன சாரதி, கொடிகாமம்

ப: உண்மை. 2020இல் விசாகப்பட்டினம் கடற்படைத் தளத்தின் தொழிலாளர்கள் பெரிய சிலிண்டரின் தலையில் ஆறு கிளைக் குழாயைப் பொருத்திக் காட்டினார்கள். சிலிண்டர் ஒன்றுதான் இருக்கிறது, முகமூடிக்காக ஆறு பேர் காத்திருக்கிறார்கள் என்ற நிலைமைக்கு நல்ல கைவேலை. ஒன்றை மட்டும் மறக்காதேயுங்கோ: ஆறு கன்று விட்டால் பசு ஆறு மடங்கு பால் கறக்காது. ஆளுக்கு 2 லீற்றர் வீதம் போனால் நிமிடத்துக்கு 12. பத்து மணித்தியாலத்துக்குள் சிலிண்டர் காலி. கிளைக் குழாய் கூட்டியது வாயின் எண்ணிக்கையை மட்டும்தான்.

என் மனத்தைப் பிடித்தது அடுத்த வருடம் கொச்சியில் நடந்தது. தெற்குக் கடற்படைக் கட்டளையகத்தின் சுழியோடிப் பள்ளிக்காரருக்கு ஒரு விஷயம் தொழில்முறையில் தெரியும்: நாம் இழுக்கிற ஒட்சிசனில் உடம்பு எடுப்பது சொற்பம். ஓய்வாகக் கிடக்கிற ஆளின் உடம்புக்கு நிமிடத்துக்குக் கால் லீற்றர் போதும். எட்டு லீற்றர் தனி ஒட்சிசன் கொடுத்தால் ஏழே முக்கால் அப்படியே வெளியே வருகிறது, கரியமில வாயுவையும் கூட்டிக்கொண்டு. கரியமில வாயுவை மட்டும் வடித்தெடுத்துவிட்டு மிச்சத்தைத் திரும்பக் கொடுத்தால் என்ன? சுழியோடிகளின் மூச்சுப் பெட்டி அப்படித்தான் வேலை செய்கிறது. அதை நோயாளிக்கு மாற்றியமைத்து, சிலிண்டரின் ஆயுளை இரண்டிலிருந்து நான்கு மடங்கு வரை நீட்டலாம் என்றார்கள். வைத்தியர்கள் எட்டு லீற்றரையும் கூரைக்கு விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கடலுக்கு அடியில் மூச்சை எண்ணிப் பழகினவன் கையை உயர்த்தினான்.

கே: சிலிண்டர்த் திருகு இறுகிப்போச்சு. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விடலாமோ?
- பணியாளர், தனியார் மருத்துவமனை

ப: விடாதேயுங்கோ! எண்ணெயும் கிறீசும் அழுத்த ஒட்சிசனைச் சந்தித்தால் நெருப்புக்குச்சி இல்லாமலே பற்றும். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு திருகைத் தொடுவதும் வேண்டாம். இந்தப் பத்தியில் ஒன்றையாவது வெட்டி ஒட்டுவதென்றால் இதை வெட்டி ஒட்டுங்கோ.

கே: ரொறன்ரோவிலிருக்கிற என் மாமி, காற்றிலிருந்து ஒட்சிசன் எடுக்கிற மெசின் ஒன்று அனுப்பப்போகிறாவாம். ஊர் வைத்தியசாலைக்குக் கொடுத்தால் வென்ரிலேற்றரோடு பொருத்துவார்களா?
- சனசமூக நிலையச் செயலாளர், பருத்தித்துறை

ப: மாமிக்கு முதலில் என் வணக்கம். அதன் பெயர் ஒட்சிசன் செறிவாக்கி. உள்ளே சியோலைட் என்ற மணிமணியான கனிமம் இருக்கிறது. காற்றை அமுக்கி அதற்குள் விட்டால் நைதரசனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒட்சிசனை வெளியே விடும். அமுக்கத்தை எடுத்தால் பிடித்த நைதரசனைத் துப்பும். இரண்டு குழல்கள் மாறி மாறி இதைச் செய்யும். வெளியே வருவது 93 சதவீதம் மட்டில். 100 வராது, ஆகன் என்ற வாயு ஒட்சிசனின் கையைப் பிடித்துக்கொண்டே வந்துவிடும். தேஜஸ் போர்விமான ஓட்டிக்கு ஆகாயத்தில் மூச்சுக் கொடுக்கச் செய்த இதே நுட்பத்தைத்தான் 2021இல் இந்தியப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் நிமிடத்துக்கு 1,000 லீற்றர் தரும் ஆலையாக வைத்தியசாலை முற்றங்களுக்கு இறக்கியது.

மாமி அனுப்புவது நிமிடத்துக்கு 5 லீற்றர் வகையாக இருக்கும். ஒரு நாள் முழுக்க ஓடினால் 7,200 லீற்றர். ஓர் ஆளுயரச் சிலிண்டர். கரண்ட் 350 வாற்று மட்டில் என்றால் நாளுக்கு எட்டரை யூனிற்றுக்குள். அறுபது கிலோ இரும்பு கடல் கடந்து செய்த வேலையை எட்டரை யூனிற் செய்கிறது! கப்பலும் பாதையும் நிச்சயமில்லாத இடத்துக்கு இதைவிட நல்ல சாமான் இல்லை என்பது என் கட்சி.

பொருத்துவார்களா என்று கேட்டீர்கள். பெரிய வைத்தியசாலையின் சுவரிலிருந்து வருகிற ஒட்சிசனுக்கு 4 பார் அழுத்தம். வீட்டுச் செறிவாக்கியின் வாயில் அரைப் பார் மட்டில்தான். உயர் அழுத்தத்துக்கென்றே செய்த வென்ரிலேற்றரில் மாட்டினால் அது அலாரம் அடித்து ஊரைக் கூட்டும். தானே காற்றை உறிஞ்சுகிற வகையில், குறைந்த அழுத்த ஒட்சிசனுக்கென்று தனி வாய் வைத்த மெசின்கள் உண்டு. அதற்கு இது சம்பந்திபோலப் பொருந்தும். ஆகவே வைத்தியசாலையில் என்ன மெசின் இருக்கிறது என்று கேட்டுவிட்டு மாமிக்கு எழுதுங்கோ. இன்னுமொன்று. 2022 மார்ச்சின் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாடு இது. செறிவாக்கிக்குப் பக்கத்தில் நிரம்பின சிலிண்டர் ஒன்று எப்போதும் நிற்க வேண்டும். ஜெனரேற்றரின் புகைக்குழாய் இருக்கிற பக்கத்தில் செறிவாக்கியை வைக்கவே கூடாது. அது புகையையும் சேர்த்து இழுக்கும்.

கே: நெடுந்தீவிலிருந்து கடற்படைப் படகில் நோயாளியைக் கொண்டுவருகிறார்கள். ஒரு சின்னச் சிலிண்டர் போதுமோ?
- தீவான், இப்போது குருநகர்

ப: கையில் தூக்குகிற 340 லீற்றர்ச் சிலிண்டர் என்று வைப்போம். முழுக்கத் திறந்து 8 லீற்றர் கொடுத்தால் 42 நிமிடம். குமுதினிப் படகில் வந்தால் குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலம்; ஆக, நடுக்கடலில் முடியும். கடற்படையின் படகு கெதி. ஆனால் குறிகட்டுவான் வெறும் இறங்குதுறை. அங்கேயிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் வரைக்கும் வாகன ஓட்டம் இருக்கிறது. 2 லீற்றரில் சமாளிக்கலாமென்றால் அதே சிலிண்டர் 170 நிமிடம் வரும். வீடு வந்து சேரலாம். என் புத்திமதி: பயண நேரத்தை இரண்டால் பெருக்கிக்கொண்டு ஏறுங்கோ. சோளகக் காற்று அட்டவணை பார்ப்பதில்லை.

கே: 2021இல் எங்களுக்கு ஒட்சிசன் கொண்டுவந்தது இந்தியக் கப்பலா, இலங்கைக் கப்பலா? வீட்டில் பந்தயம்.
- தேநீர்க்கடைக்காரர், சுன்னாகம்

ப: இரண்டு பேரும் காசை எடுங்கோ. அந்த ஓகஸ்டில் சக்தி என்ற இந்தியக் கடற்படைக் கப்பல் விசாகப்பட்டினத்திலிருந்து சுமார் 100 தொன் திரவ ஒட்சிசனைக் கொழும்பில் இறக்கியது. சென்னைக்குப் போய்ச் சுமார் 40 தொன் ஏற்றிவந்த இலங்கைக் கடற்படைக் கப்பலின் பெயரும் சக்தி. இரண்டு சக்தி, ஒரே சரக்கு. திரவமாக்கினால் ஒட்சிசன் 800 மடங்குக்கும் மேலே சுருங்கிவிடும் என்பதால்தான் இவ்வளவையும் கப்பலில் அடக்கலாம். ஆனால் அது மறை 183 பாகையில் கொதிக்கிற சாமான். எவ்வளவு நல்ல தாங்கியில் வைத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்துகொண்டே இருக்கும். போர்முனைக்குத் தோதில்லை. பதுக்கல்காரருக்கும் தோதில்லை, அது வரை நல்லது.

கே: ஆக்சிஜனா, ஒட்சிசனா, பிராணவாயுவா, உயிர்வளியா? எது சரியான தமிழ்?
- ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோப்பாய்

ப: ஐயா, மூச்சு முட்டுகிறபோது எதைக் கேட்டாலும் தாதி தருவார். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தித் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்த சாமுவேல் கிறீன், இரசாயன நூலுக்கு 1875இல் கெமிஸ்தம் என்று பெயர் வைத்தவர். அந்தத் துணிச்சலுக்கு முன்னால் நாங்கள் ட்சிக்கும் க்சிக்கும் சண்டை பிடிப்பது சின்ன வேலை. நான் பழகினது ஒட்சிசன். சென்னைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

கே: இவ்வளவும் வாசித்தாச்சு. வீட்டிலிருந்துகொண்டு நாங்கள் என்ன செய்யலாம்?
- தாதிய மாணவி, கைதடி

ப: கொரோனாக் காலத்தில் இரவல் வாங்கின சிலிண்டர் எங்கேயாவது வீட்டு மூலையில் நிற்கிறதா என்று பாருங்கோ. அம்மம்மா போய்ச் சேர்ந்து, சடங்கெல்லாம் முடிந்து, சிலிண்டர் மட்டும் துணி காயப்போடுகிற தூணாக நிற்கும். தட்டுப்பாடு வரும்போது முதலில் இல்லாமல் போவது வெற்றுச் சிலிண்டர்தான். நிரப்ப வாயு இருந்தாலும் அடைக்க இரும்பு இராது. கொடுத்தவரிடம் திருப்பிக் கொடுங்கோ. செறிவாக்கி என்றால் வடிகட்டியைக் கழுவிக் காயவைத்து, மாதத்தில் ஒருநாள் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கோ; சும்மா கிடந்தால் சியோலைட் ஈரம் குடித்துக் கெட்டுப்போகும். இந்தக் கிழமையே பாருங்கோ. மாரிமழை தொடங்கினால் படகும் பிந்தும், கரண்டும் நிற்கும்.